இல்லை என்று தெரிந்துகொள்ளவும் பணம் வேண்டும்

எண்பதுகளின் நடுவில் தாம்பரத்தில் ஒரு சின்ன மிஷன் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் நான் டாக்டராக இருந்தேன். டாக்டர் என்றாலும் நோயாளிகளின் முகத்தைப் பார்ப்பது குறைவு. அவர்கள் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகள்தான் என்னிடம் வரும். அவற்றை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். புற்றுநோயா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் வேலை முடிந்தது. மாலையில் குடையையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு சிட்லபாக்கத்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஒரு நாள் பெண்கள் வார்டு சிஸ்டர் மாடியிலிருந்து இறங்கி என் அறைக்கு வந்தார். எங்கள் மருத்துவமனையில் நர்சுகள் எல்லோரையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். இவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், செம்பாக்கத்துக்காரர், யாரிடமும் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். நான் அன்று காலை எழுதிய ரிப்போர்ட் ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

“டாக்டர், ஒரு தடவை மேல வந்து இவங்களப் பாருங்க. பேப்பர்லயே பாத்துட்டு இருக்கீங்க.”

போனேன். மேடவாக்கத்திலிருந்து வந்தவர், ஏறக்குறைய என் வயது. கருப்பை வாயில் புற்றுநோய். ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. ஒரு வருடமாகவே உதிரம் படுகிறது என்று யாரிடமும் சொல்லாமல் நாற்று நடப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு விஷயம் சொல்லியாகிவிட்டது. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார், முன்னாடியே பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா என்று. தெரிந்திருக்கும் என்றேன். “யாரு பாக்கறது?” என்றார். குறை சொல்லும் குரல் இல்லை அது. நிஜமாகவே யார் பார்ப்பார்கள் என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்வியோடுதான் மாடியிலிருந்து இறங்கினேன். இது அவசரப்படாத நோய். சாதாரண சதை புற்றாக மாறப் பல வருடங்கள் எடுத்துக்கொள்ளும். அத்தனை வருடமும் கண்ணுக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்கும். அந்த நேரத்தில் பார்த்துவிட்டால் சின்ன சிகிச்சையில் முடிந்துவிடும். ஆனால் பார்ப்பதற்குப் பஞ்சில் தடவி எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் பூசி, என்னைப் போல ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். பட்டணத்திலேயே அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. மேடவாக்கத்துக்கு யார் போவது?

வேறு ஒரு வழியைப் பற்றிப் படித்திருந்தேன். சமையலுக்கு வாங்கும் வினிகர் இருக்கிறதே, அதைத் தண்ணீரில் கலந்து அந்த இடத்தில் தொட்டு வைத்தால், மாறத் தொடங்கியிருக்கும் சதை சிறிது நேரத்தில் வெளுத்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் நர்சுக்கே தெரியும். மைக்ராஸ்கோப் வேண்டாம், டாக்டர் வேண்டாம். ஆனால் அதை நம்பலாமா? எங்கள் பக்கத்து நர்சு ஒருவர், எங்கள் பக்கத்துப் பெண்களிடம், பள்ளிக்கூட அறையில் வைத்துப் பார்த்தால் சரியாக வருமா? சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒவ்வொரு பெண்ணையும் சிஸ்டர் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். அதே பெண்ணின் ஸ்லைடை நான் படிக்கிறேன். ஒருவர் குறித்தது மற்றவருக்குத் தெரியக்கூடாது. கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நான் செய்ய நினைத்த ஆராய்ச்சி இவ்வளவுதான்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். பணம் நீங்கள் கொண்டுவந்தால் இடமும் சிஸ்டரும் நான் தருகிறேன் என்றார். பாரிமுனையில் பழைய வியாபாரக் குடும்பம் ஒன்று தர்ம டிரஸ்ட் நடத்துகிறது, மருத்துவத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. நோயாளிகளுக்கு நேரடியாகப் பயன்படுபவற்றுக்கு மட்டுமே உதவுகிறோம், மன்னிக்கவும்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு விட மனம் வரவில்லை. ஒரு நாள் லீவு போட்டு, சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து, பீச்சில் இறங்கி, அவர்கள் ஆபீசுக்கே போனேன். மேனேஜர் மோர் வரவழைத்துக் கொடுத்தார். ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி, வார்டுக்கு ஃபேன் என்று கேட்டால் உடனே கிடைக்கும் என்றும், அதில் டிரஸ்ட் பேரை பெயின்ட்டில் எழுதிக்கொள்வார்கள் என்றும் சொன்னார். ஆராய்ச்சி என்றால் யூனிவர்சிட்டிதானே செய்யும் என்று அவருக்குச் சந்தேகம். டிரஸ்டிகளைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்தேன். அன்று பார்க்க முடியவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் கால்மணி நேரம் ஒதுக்கினார்கள்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர்தான் தலைவர். அவருக்கு வலப்புறம் ஒரு ஆடிட்டர். இடப்புறம் இருந்தவர் பெரியவரின் தம்பி. நான் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று சொன்னதும் மூவரும் மேசையைப் பார்த்தார்கள். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வார்த்தையை நான் எத்தனை முறை சொன்னேனோ அத்தனை முறையும் அவர்கள் கண் என் பக்கம் வரவில்லை.

எத்தனை பேருக்குக் குணமாகும் என்று பெரியவர் கேட்டார். இந்த ஆராய்ச்சியால் நேரடியாக யாருக்கும் குணமாகாது, நர்சு கண்ணால் பார்ப்பது போதுமா என்று தெரியவரும், அவ்வளவுதான் என்றேன். போதாது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆடிட்டர் கேட்டார். போதாது என்று எழுதிக் கொடுப்பேன் என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கறதுக்கு நாங்க பணம் குடுக்கணுமா மேடம்?”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. சரியான பதில் நாக்கில் வரவில்லை. பெரியவர் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். பெண்கள் வருவார்களா என்று கேட்டார். வருவார்கள் என்றேன். எப்படித் தெரியும் என்றார். எனக்குத் தெரியாது. அதை அவர் புரிந்துகொண்டார். வருகிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம் என்று அனுப்பிவைத்தார்.

ரயிலில் திரும்பி வரும்போது கோபம் முழுவதும் அந்த ஆடிட்டர் மேல் இருந்தது. பல்லாவரம் தாண்டும்போது பெரியவரின் கேள்விதான் மிஞ்சியது. கிராமத்தில் ஒரு பெண்ணைக்கூடக் கேட்காமல் நான் விண்ணப்பம் எழுதியிருந்தேன்.

மறுநாள் சிஸ்டரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிளம்பலாம் என்றார். மேடவாக்கம் அப்போது வயலும் பனையும் ஏரியுமாக இருந்த ஊர். தாம்பரத்தில் டவுன் பஸ் பிடித்து, செம்பாக்கம் வழியாகப் போய் இறங்கினோம். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை கொடுத்தார்கள். வாத்தியார் மேசையில் விரிப்பைப் போட்டு, குறுக்கே சிஸ்டரின் பழைய புடவையைத் திரையாகக் கட்டினோம். பை நிறைய கருவிகள், கொதிக்க வைத்து ஆறவைத்துத் துணியில் சுற்றியவை. வினிகர் பாட்டில், டார்ச், பஞ்சு.

பெண்கள் வந்தார்கள், கூட்டமாகவே வந்தார்கள். முழங்கால் வலி, தலைசுற்றல், பிள்ளைக்கு டானிக் வேண்டும் என்றார்கள். எல்லாருக்கும் பிரஷர் பார்த்தோம். திரைக்குப் பின்னால் வரச் சொன்னால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். அடுத்த ஞாயிறும் அதேதான். சிஸ்டருக்கு அலுத்துவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, இவங்க வரமாட்டாங்க டாக்டர், நாம வேற ஏதாவது ஆராய்ச்சி பண்ணலாம் என்றார். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றேன். அடுத்த ஞாயிறு அவர் எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நின்றார்.

அன்று எருமை வைத்துப் பால் ஊற்றுகிற பெண் ஒருவர் வந்திருந்தார். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பது மற்றவர்கள் வழிவிட்டதிலேயே தெரிந்தது. நான் எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். ஒரு தொந்தரவும் இல்லாதபோதே பார்த்துக்கொள்ள வேண்டும், வலிக்காது, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அவர் முழுவதும் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

“நீ பண்ணிக்கினியா டாக்டரம்மா?”

“இல்ல” என்றேன்.

“ஏன்?”

“எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே” என்று என் வாய் சொல்லிவிட்டது.

“அதத்தான் நாங்களும் சொல்லிக்கினு கீறோம்” என்றார் அவர்.

அறை முழுவதும் சிரிப்பு. சிஸ்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே எனக்குச் சிரிப்பு இல்லை. நாற்பது வயது தாண்டி, மூன்று பிள்ளை பெற்று, இந்த நோயைத் தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவள் நான். எனக்கு அது வரக்கூடும் என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. அந்தப் பெண் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு, அப்ப நீ மொதல்ல படு, நாங்க அப்பறம் பாத்துக்கறோம் என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனேன். சிஸ்டர் கூடவே வந்து, காதோரம், நிஜமாவா டாக்டர் என்று கேட்டார். நிஜமாகத்தான் என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வாரம் முழுவதும் கூட வேலை செய்கிறவரிடம் புடவையைத் தளர்த்திப் படுப்பது சுலபமில்லை. வாத்தியார் மேசை குட்டையானது. காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கருவி சில்லென்று பட்டதும் உடம்பு தானாக இறுகியது. மூச்சை விடுங்க டாக்டர் என்றார் சிஸ்டர். சுவரில் தொங்கிய வாய்ப்பாட்டு அட்டையைப் பார்த்தபடி மூச்சை விட்டேன். அவருக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது. டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்றதும், நான் சரி என்ற பிறகு, எருமைக்காரப் பெண்ணே உள்ளே வந்து பிடித்தார். சிஸ்டர் வினிகரைத் தொட்டு வைத்து, பார்த்து, ஸ்லைடுக்கும் எடுத்துக்கொண்டார்.

முடிந்ததும் அந்தப் பெண் வெளியே போய்ச் சொன்னது திரைக்குள் எனக்கும் கேட்டது. “ஒண்ணும் பயம் இல்ல. டாக்டரம்மாக்கும் எல்லாம் நம்மள மாரிதான் கீது.”

அவரே அடுத்துப் படுத்தார். அவருக்குப் பிறகு அவர் தங்கை, தங்கைக்குப் பிறகு இன்னும் சிலர். சாயங்காலம் பஞ்சு தீர்ந்துபோகும்வரை சிஸ்டர் நிமிரவில்லை.

திங்கட்கிழமை ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றினேன். எண்களை மட்டும் போட்டிருந்தோம், ஆனாலும் என்னுடையது எது என்று எனக்குத் தெரியும். கடைசியாகத்தான் எடுத்தேன். ஓரத்தில் ஒரு இடத்தில் செல்கள் கொஞ்சம் பெரிதாக, நெருக்கமாக இருந்தன. வேறு யாருடையதாகவாவது இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிவு சொல்லியிருப்பேன். அன்று திரும்பத் திரும்பப் பார்த்தேன், பார்க்கப் பார்க்க மோசமாகத் தெரிந்தது. எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் பட்டணத்தில் இருந்தார். அவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பதில் வரும்வரை வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் தைரியம் சொல்லத் தெரியாதவர். பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாதாரண அழற்சிதான், ஒன்றும் இல்லை என்று பேராசிரியரிடமிருந்து போன் வந்தது. போனை வைத்துவிட்டு முதலில் நினைத்தது மேடவாக்கத்துப் பெண்களைத்தான். அவர்களும் காத்துக்கொண்டிருப்பார்கள். என் திட்டத்தில் முடிவை அவர்களிடம் யார் எப்போது போய்ச் சொல்வது என்று ஒரு வரிகூட இல்லை. ஸ்லைடுக்கும் சாயத்துக்கும் கணக்குப் போட்டவள், வீடு வீடாகப் போய் முடிவு சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். முடிவு சொல்லப் போகும் நர்சுக்குச் சம்பளம், சந்தேகம் உள்ளவர்களை மருத்துவமனைக்கு அழைத்துவர வண்டி, அவர்களுக்கான சிகிச்சைச் செலவு எல்லாம் சேர்ந்தன. கேட்கும் தொகை முன்பைவிட அதிகமாகிவிட்டது. குறைவாகக் கேட்டால்தான் கிடைக்கும் என்று கண்காணிப்பாளர் பயந்தார். குறைக்க மாட்டேன் என்றேன்.

மறுபடி அதே மேசை, அதே மூவர். இந்த முறை சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பெண்கள் வருகிறார்களா என்று பெரியவர் கேட்டதும் சிஸ்டரே பதில் சொன்னார், பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தம்பி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். பெரியவர் திரும்பவில்லை. ஆடிட்டர் தன் பழைய கேள்வியை விடவில்லை. இந்த முறை என்னிடம் பதில் இருந்தது.

“சார், இந்தச் சோதனை சரியில்லன்னு தெரியாமலே ஊர் ஊரா ஆரம்பிச்சா, நோய் இருக்கிற பொம்பளைங்ககிட்ட உனக்கு ஒண்ணும் இல்ல, நிம்மதியா போன்னு சொல்லி அனுப்பிடுவோம். அவங்க நம்பிப் போயிடுவாங்க. அது நடக்காம இருக்கணும்னா மொதல்ல தெரிஞ்சுக்கணும். இல்லைன்னு தெரிஞ்சுக்கவும் பணம் வேணும்.”

அவர் சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார்.

பெரியவர் ஒரு விஷயம் சொன்னார். அவர் தாயார் பெயரில் கொடுக்க விருப்பம், மருத்துவமனை வாசலில் பலகை வைக்க வேண்டும். ஆனால் திட்டத்தின் பெயரைப் பெண்கள் நலத் திட்டம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும், இந்த வார்த்தையை அம்மா பேருக்குப் பக்கத்தில் போட முடியாது என்றார். அவர் வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்திருந்தது. சரி என்று சொல்லிவிட்டால் அன்றே எல்லாம் முடிந்துவிடும். சிஸ்டர் மேசைக்கு அடியில் என் கையைத் தொட்டார், ஒத்துக்கொள் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று தெரியவில்லை.

கருப்பை வாய் என்ற வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பெண்கள் கடைசியில் வருகிறார்கள், நாமும் மறைத்தால் எப்படி என்று கேட்டேன். “அம்மா பேர் வேணாம்னா விட்டுடுங்க சார். வார்த்தைய எடுக்க முடியாது.”

வெளியே உட்காரச் சொன்னார்கள். வெகுநேரம் கழித்து மேனேஜர் வந்து உள்ளே கூப்பிட்டார். பேர் இல்லாமல் கொடுத்து எங்களுக்குப் பழக்கமில்லை என்றார் பெரியவர். ஆனாலும் ஒரு வருடத்துக்குக் கொடுக்கிறோம், பலகை வேண்டாம், உங்கள் திட்டம் நீங்கள் வைத்த பெயரிலேயே இருக்கட்டும் என்றார். கேட்டதில் வண்டியைத் தவிர எல்லாம் கிடைத்தது. வண்டிக்குப் பதில் பஸ்ஸிலேயே போய்வந்தோம்.

அந்த வருடம் போனதே தெரியவில்லை. சிஸ்டருக்குத் துணையாக இன்னொரு நர்சு வந்தார். மேடவாக்கத்திலும் அதைச் சுற்றியிருந்த ஊர்களிலும் பள்ளிக்கூடங்கள், பஞ்சாயத்து அறைகள், ஒரு மாதா கோயிலின் பின்கட்டு என்று இடம் மாறி மாறிப் போனோம். நடவு நாட்களில் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு அப்போது ஸ்லைடுகளைப் படித்து முடித்தேன். ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்ட சிலர் எங்கள் மருத்துவமனையில் சின்ன சிகிச்சை எடுத்துக்கொண்டு நடந்தே பஸ் ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி, பேச்சுத் துணைக்கு வந்தவள், தோழி கையைப் பிடித்து இழுத்ததால்தான் மேசையில் படுத்தாள். அவளுக்கு இருந்தது அவளுக்குத் தெரியாது, தோழிக்கும் தெரியாது. வார்டில் அவளைப் பார்க்கப் போனேன். கேழ்வரகு அடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தாள்.

கடைசியில் இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் வைத்தோம். சிஸ்டர் கண்ணுக்குத் தப்பியவை கொஞ்சம்தான். ஆனால் ஒன்றும் இல்லாத பலரையும் அவர் சந்தேகப்பட்டிருந்தார். சிஸ்டருக்கு அது தாங்கவில்லை. தன்னால்தான் கெட்டது என்று நினைத்து, ஒரு வாரம் என் அறைப் பக்கமே வரவில்லை. நான் மாடி ஏறிப் போய்ச் சொன்னேன், இது உங்கள் தப்பு இல்லை, இந்தச் சோதனையின் குணமே இதுதான், அதைத் தெரிந்துகொள்ளத்தானே இத்தனையும் செய்தோம் என்று. அவர் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் சந்தேகப்பட்டவர்களுக்கு மட்டும் ஸ்லைடு எடுத்தால் உங்களுக்கும் வேலை குறையுமே டாக்டர் என்றார். அறிக்கையில் அதையே முடிவாக எழுதினேன். தனியாக இது போதாது, முதல் படியாக வைத்துக்கொள்ளலாம்.

டிரஸ்ட் இரண்டாம் வருடத்துக்குக் கொடுக்கவில்லை. அறிக்கையைப் படித்தார்கள், பாராட்டினார்கள், அந்த வருடம் அவர்கள் பணம் முழுவதும் ஆம்புலன்ஸ் வாங்கப் போய்விட்டது. எனக்கு வருத்தம்தான், ஆனால் இந்த முறை வெறும் கையோடு நிற்கவில்லை. ஒரு வருட வேலை கையில் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் முழுவதும் விண்ணப்பங்கள் அனுப்பினேன், இங்கேயும் வெளிநாட்டுக்கும். பல இடங்களில் பதிலே இல்லை. ஒரு நிதியம் ஊர் சின்னது என்றது, இன்னொன்று பல்கலைக்கழகம் பின்னால் இருக்க வேண்டும் என்றது. ஒவ்வொரு மறுப்பையும் சிஸ்டரிடம் படித்துக் காட்டுவேன். அவர், அடுத்தது யாருக்கு என்று கேட்பார்.

ஒரு மழைக்காலத்தில் வெளிநாட்டு நிதியம் ஒன்று மூன்று வருடத்துக்குச் சம்மதித்தது. சிட்லபாக்கம் ஏரி நிரம்பி எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தே போய்ச் சேர்ந்தேன். சிஸ்டர் வார்டு ரவுண்டில் இருந்தார். சொன்னதும் கையிலிருந்த ட்ரேயை வைத்துவிட்டு, செம்பாக்கத்தில் தன் தெருவிலிருந்தே ஆரம்பிக்கலாம், அங்கே தன் மருமகளே இன்னும் வந்து படுக்கவில்லை என்றார். அந்த வாரமே மேசை தேடக் கிளம்பினோம், கொஞ்சம் உயரமான மேசையாக.